எந்தத் தண்ணீர் வருகிறது? டொரொண்டோ நிலவறைகளும் சம்ப் பம்பும்

சென்னையில் சம்ப் என்றால் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் இடம். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ தரைக்கு அடியிலுள்ள தொட்டியில் வந்து இறங்கும். விடிந்ததும் மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்றுவோம். சம்பில் தண்ணீர் குறைந்தால் வீட்டில் எல்லோருக்கும் கவலை வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு வீட்டை வாங்கினேன். நிலவறையின் மூலையில் இருந்த வட்டமான பிளாஸ்டிக் மூடியைத் திறந்து, "இதுதான் சம்ப்" என்று வீட்டு ஆய்வாளர் காட்டினார். உள்ளே முழங்கால் ஆழக் குழி, அடியில் கொஞ்சம் கலங்கல் தண்ணீர், நடுவில் ஒரு சிறு மோட்டார். பெயரும் மோட்டாரும் ஊரில் இருந்தவைதான். வேலை மட்டும் நேர் எதிர். இங்கே குழியில் தண்ணீர் ஏறினால்தான் கவலை.

அந்தக் குழியோடு பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். என் வீட்டில் ஒருமுறையும், அடுத்த தெருவில் இருக்கும் நண்பர் வீட்டில் இரண்டுமுறையும் தண்ணீர் புகுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து உறுதியாகச் சொல்வதற்கு ஒன்று உண்டு. நிலவறைக்குள் வருகிற தண்ணீர் எல்லாம் ஒரே தண்ணீர் என்று நினைப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. மண்ணுக்குள் ஊறிவரும் தண்ணீர், தரைமேல் ஓடிவந்து ஜன்னல் வழியாக இறங்கும் தண்ணீர், சாக்கடைக் குழாய் வழியாக எதிர்த்து ஏறிவரும் தண்ணீர் என மூன்று இருக்கின்றன. சம்ப் பம்ப் முதலாவதுக்குத்தான் மருந்து. எது வருகிறது என்று தெரியாமல் பம்ப் வாங்குவது, என்ன காய்ச்சல் என்று தெரியாமல் மாத்திரை வாங்குவது போன்றது.

நண்பர் வீட்டில் நடந்தது அதுதான். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முதல் வெள்ளத்துக்குப் பிறகு நல்ல பம்பாகப் பார்த்து வாங்கி மாட்டினார். அடுத்த கோடையில் ஒரு பெருமழை நாளில் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, மோட்டார் ஓடவே இல்லை. குழியில் தண்ணீரும் ஏறவில்லை. ஆனால் சலவை அறை முழுவதும் தண்ணீர்" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். சம்ப் குழி அறையின் ஒரு மூலையில் மூடி திருகப்பட்டு அமைதியாக இருந்தது. மறுமூலையில், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், தரை வடிகாலின் இரும்புச் சல்லடை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குமிழிட்டுக் குமிழிட்டு மேலே வந்துகொண்டிருந்தது. வாடையே சொல்லிவிட்டது, அது தெருச் சாக்கடையின் தண்ணீர். அதைத் தடுக்கும் கருவி வேறு. பம்பில் எந்தக் கோளாறும் இல்லை. அது காவல் இருந்த வாசல் வழியாக யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்த ஊரில் வீட்டுக்கு வீடு நிலவறை ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால்தான் தண்ணீரின் கதை புரியும். டொரொண்டோவில் குளிர்காலத்தில் நிலமே உறைகிறது. மண்ணிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகும்போது விரிந்து, மேலிருப்பதைத் தூக்கும். வீட்டின் அடித்தளம் அந்த உறைநிலை ஆழத்துக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டருக்குக் கீழே, இருந்தாகவேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு குளிர்காலமும் வீட்டை ஏற்றி இறக்கிச் சுவரைப் பிளந்துவிடும். அவ்வளவு ஆழம் தோண்டியபிறகு இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழுத் தளமே கிடைக்கிறது. கொதிகலனும் சலவை இயந்திரமும் மின்பெட்டியும் அங்கே போயின. பிறகு மனிதர்களும் போனார்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் எத்தனையோ குடும்பங்களுக்குக் கனடாவில் முதல் முகவரியே யாரோ ஒருவருடைய பேஸ்மென்ட்தான். இன்றும் புதிதாக வரும் மாணவர்கள் பலருக்கு அப்படித்தான். ஆகவே நிலவறையில் தண்ணீர் புகுந்தால் பழைய பெட்டிகள் நனைந்தன என்பதோடு போவதில்லை. ஒருவருடைய படுக்கையும் சான்றிதழ்களும் நனைகின்றன.

வீடு கட்டும்போது தோண்டிய பள்ளம் வீட்டைவிட அகலமானது. சுவர் எழுப்பி முடித்ததும் சுற்றியுள்ள இடைவெளியில் மண்ணைத் திரும்பக் கொட்டி நிரப்புகிறார்கள். டொரொண்டோப் பகுதியில் பெரும்பாலும் பனியாறுகள் விட்டுச்சென்ற இறுகிய களிமண் கலந்த நிலம். தொடப்படாத அந்தக் களிமண் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. திரும்பக் கொட்டிய மண்ணோ எத்தனை ஆண்டானாலும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும். விளைவு, வீடு ஒரு களிமண் சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. சட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள பொலபொலப்பான மண் மழையைக் குடிக்கிறது. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் சுவரோரம் தேங்குகிறது.

தேங்கிய தண்ணீருக்கு எடை உண்டு. ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1,000 கிலோ எடைக்கு அழுத்தும். 60 சதுர மீட்டர் நிலவறைத் தரைக்கு அடியில் அரை மீட்டர் தண்ணீருக்கு உரிய அழுத்தம் கட்டினால், 30 டன் எடை தரையைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது என்று பொருள். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள அந்தக் காங்கிரீட் தரையின் சொந்த எடை சுமார் 14 டன்தான். அதனால்தான் தண்ணீர் முதலில் தரையும் சுவரும் சேரும் மூலை வழியாக எட்டிப்பார்க்கிறது. சுவரில் ஓதம் காப்பது, வெள்ளையாக உப்புப் பூப்பது, மூலையில் ஒரு பூஞ்சண வாடை, இவையெல்லாம் அந்த அழுத்தம் முன்கூட்டியே அனுப்பும் செய்திகள். பலர் உள்சுவரில் நீர்தடுப்புப் பெயின்ட் அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அழுத்தம் வெளியே அப்படியே இருக்கும்போது உள்ளே பூசுகிற எந்தப் பூச்சும் நெடுநாள் நிற்காது. அழுத்தத்தைக் குறைப்பது ஒன்றே வழி, அதாவது தேங்குகிற தண்ணீருக்கு ஒரு போக்கிடம் கொடுப்பது.

அந்தப் போக்கிடம்தான் அடித்தளத்தைச் சுற்றி மண்ணுக்குள் புதைத்திருக்கும் கசிவுநீர்க் குழாய். இங்கே அதை வீப்பிங் டைல் என்கிறார்கள். முன்பு சுட்ட மண்குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் வரிசையாக வைத்து, மேலே ஜல்லி பரப்புவார்கள். இடைவெளி வழியாகத் தண்ணீர் உள்ளே கசியும். ஓட்டுக் குழாயாக இருந்ததால் வந்த பெயர் அது. இப்போது துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டாலும் பெயர் மாறவில்லை. சுவரோரம் சேரும் தண்ணீர் இந்தக் குழாயில் இறங்கி, தாழ்வான ஓரிடத்துக்கு ஓடிவரும். ஓடிவரும் இடம் எது என்பதில்தான் பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் வேறுபாடு. சில வீடுகளில் அது சம்ப் குழி. டொரொண்டோவின் பழைய வீடுகள் பலவற்றில் அது நேராகத் தெருச் சாக்கடைக் குழாய். இந்த இரண்டாவது ஏற்பாடு பெரிய சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

குழிக்குள் என்ன நடக்கிறது

என் வீட்டுக் குழி 45 சென்டிமீட்டர் விட்டம், 60 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் ஆழம். பக்கவாட்டில் கசிவுநீர்க் குழாயின் வாய் தெரிகிறது. பம்ப் அடியில் ஒரு தட்டையான கல்லின்மேல் நிற்கிறது. நேராகத் தரையில் நின்றால் மண்டியையும் சரளையையும் உறிஞ்சிக்கொள்ளும். பம்போடு ஒரு மிதவை. நம் ஊரில் மாடித் தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்துகிற பந்து வால்வின் அதே சூத்திரம்தான், திசை மட்டும் வேறு. தண்ணீர் ஏற மிதவை ஏறும், குறிப்பிட்ட உயரத்தில் சுவிட்சைத் தட்டும், மோட்டார் ஓடும். தண்ணீர் இறங்க மிதவை இறங்கி மோட்டாரை நிறுத்தும். மோட்டார் சுழற்றும் சிறு விசிறி தண்ணீரை ஒன்றரை அங்குலக் குழாய் வழியாக மேலே தள்ளி, சுவரைத் துளைத்து, தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது.

நடுவில் ஒரு செக் வால்வு. மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிநிற்கும் தண்ணீர் மீண்டும் குழிக்குள் விழாமல் இது தடுக்கும். இரவில் மோட்டார் நிற்கும்போது 'டொக்' என்று ஓர் ஒலி கேட்குமே, அது இந்த வால்வு மூடும் ஓசை. அது இல்லாமல்போனால் தள்ளிய தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி விழுந்து, அதையே மறுபடி தள்ளி, மோட்டார் வீணாகத் தேயும். வால்வுக்குக் கீழே குழாயில் 5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு துளை போட்டிருப்பார்கள். பம்ப் ஓடும்போது அதிலிருந்து மெல்லிய பீச்சலாகத் தண்ணீர் குழிக்குள்ளேயே சிந்தும். ஓட்டை விழுந்துவிட்டதென்று எண்ணி அதை நான் டேப் சுற்றி அடைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மோட்டார் உறுமுகிறது, தண்ணீர் நகரவில்லை. அந்தத் துளை வேண்டுமென்றே போட்டது. குழி வறண்டு கிடந்த நாட்களில் விசிறியைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொள்ளும். காற்று வெளியேறச் சந்து இருந்தால்தான் விசிறிக்குத் தண்ணீர் பிடிபடும். என் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஒரே முறை அதுதான், என் கையாலேயே வந்தது.

எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்ற கேள்விக்குக் கடையில் கிடைக்கிற பதில், பெரிதாக வாங்குங்கள் என்பது. குழியிடமே கேட்டால் சரியான பதில் கிடைக்கும். நல்ல மழை நாளில் பம்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடத்தில் குழியில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளவுகோலால் பாருங்கள். 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழியில் ஒரு சென்டிமீட்டர் உயர்வு ஏறக்குறைய 1.6 லிட்டர். நிமிடத்துக்கு 10 சென்டிமீட்டர் ஏறினால் 16 லிட்டர். மணிக்கு ஆயிரம் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் பம்பே 3 மீட்டர் உயரத்துக்கு இதைப்போலப் பல மடங்கு தள்ளும். பெட்டிமேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உயரம் கூடக் கூடப் பம்ப் தள்ளும் அளவு குறையும், உங்கள் வீட்டு உயரத்துக்கு எவ்வளவு என்று அட்டவணையில் பாருங்கள். தேவைக்கு மிஞ்சிய பம்ப் சிறு குழியை நொடியில் காலிசெய்துவிட்டு நிற்கும், மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். மோட்டாரை அதிகம் வருத்துவது ஓட்டமன்று, ஒவ்வொரு தொடக்கமும்தான். நல்ல பராமரிப்பில் ஏழு முதல் பத்து ஆண்டு உழைக்கிற பம்ப், இப்படித் தட்டித் தட்டி ஓடினால் அதற்கு முன்பே போய்விடும்.

பழைய வீட்டின் சிக்கல்

இப்போது அந்தச் சாக்கடை இணைப்புக்கு வருகிறேன். நண்பர் வீட்டின் முழுக் கதையும் இதில் இருக்கிறது. கசிவுநீர்க் குழாயைத் தெருச் சாக்கடையோடு இணைத்துக் கட்டிய காலத்தில் அது எளிய வழியாகத் தெரிந்தது. பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், தண்ணீர் தானே இறங்கிப் போய்விடும். தெருக்குழாயில் இடம் இருக்கும்வரை அது சரி. பெருமழையில் ஒரே நேரத்தில் ஆயிரம் வீடுகளின் அடித்தளத் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் சாக்கடைக்குள் கொட்டினால் குழாய் நிரம்புகிறது. நிரம்பியதும் தண்ணீர் எதிர்த்திசையில் வீடுகளை நோக்கி ஏறுகிறது. வீட்டின் மிகத் தாழ்ந்த வாய் நிலவறைத் தரை வடிகால். அங்கே அது வெளிப்படுகிறது. டொரொண்டோவின் பழைய பகுதிகளில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் ஒரே குழாய் என்பதால் அங்கே நெருக்கடி இன்னும் அதிகம்.

இதைத் தடுப்பது பேக்வாட்டர் வால்வு. வீட்டின் கழிவுக் குழாய் தெருவுக்குப் போகும் வழியில், நிலவறைத் தரையை உடைத்துப் பதிக்கிறார்கள். தண்ணீர் வெளியே போகும்போது அதன் மடல் திறந்திருக்கும். எதிர்த்து வந்தால் மிதந்து மூடிக்கொள்ளும். நல்ல கருவிதான். ஆனால் அதை மட்டும் போட்டுவிட்டு, கசிவுநீர்க் குழாயைப் பழையபடி சாக்கடையோடு விட்டுவிட்டால் என்ன ஆகும்? மழை உச்சத்தில் வால்வு மூடுகிறது. தெருத் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் சுவரைச் சுற்றி மண்ணில் சேரும் தண்ணீர் கசிவுநீர்க் குழாய் வழியாக வந்துகொண்டே இருக்கிறது, வெளியே போக வழியில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் அது தேங்கி, அதே தரை வடிகால் வழியாக ஏறுகிறது. தெருவின் தண்ணீரைத் தடுத்து, சொந்த நிலத்தின் தண்ணீரில் மூழ்கலாம். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடியில் யாராவது குளித்தாலும் சலவை இயந்திரத்தை ஓட்டினாலும் அந்தத் தண்ணீரும் நிலவறையில்தான் வந்து நிற்கும்.

ஆகவே பழைய வீட்டில் மூன்று வேலைகள் ஒன்றாக நடக்கவேண்டும். கசிவுநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டித்து அந்த வாயை அடைக்கவேண்டும்; அதைச் சம்ப் குழிக்குத் திருப்பவேண்டும்; சாக்கடை வழியில் வால்வு பதிக்கவேண்டும். டொரொண்டோ மாநகராட்சியின் நிலவறை வெள்ளத் தடுப்பு மானியம் பம்பு, வால்வு, குழாய்த் துண்டிப்பு மூன்றையும் சேர்த்துப் பட்டியலிட்டிருப்பது இந்தக் காரணத்தால்தான். மானியத் தொகையும் நிபந்தனையும் அவ்வப்போது மாறுகின்றன. வேலையைத் தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள், உரிமம் பெற்றவரைக்கொண்டே செய்யுங்கள். நண்பரிடம் பம்ப் மட்டும் விற்றவர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை. இரண்டாவது வெள்ளத்துக்குப் பிறகு துண்டிப்பும் வால்வும் செய்தார். இப்போது அவர் வீட்டுப் பம்ப் மழை நாட்களில் ஓடுகிறது. ஓடவேண்டிய தண்ணீர் அதனிடம் வந்துசேர்ந்துவிட்டது.

மூன்றில் எஞ்சிய தண்ணீர், தரைமேல் ஓடிவருவது, எந்தப் பம்பாலும் தீராதது. ஆனால் மூன்றிலும் செலவு குறைந்த தீர்வு இதற்குத்தான். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர மீட்டரில் விழுந்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு லாரித் தண்ணீர். அத்தனையும் கூரையோரப் பீலியில் சேர்ந்து, மூலைக் குழாயில் இறங்கி, சுவரடியிலேயே கொட்டினால் அந்தக் களிமண் சட்டியை நாமே நிரப்புகிறோம். குழாயின் முனையை இரண்டு மீட்டராவது சுவரை விட்டுத் தள்ளி நீட்டவேண்டும், மண் வீட்டிலிருந்து வெளிப்பக்கமாகச் சரியவேண்டும். கூரைக்குழாய்களைச் சாக்கடையிலிருந்து துண்டிப்பதை மாநகராட்சி 2007-இல் கட்டாயமாக்க முடிவுசெய்து, 2016-க்குள் கட்டம்கட்டமாக நகரம் முழுவதற்கும் கொண்டுவந்தது. நிலவறை ஜன்னலுக்கு வெளியே உள்ள பள்ளத்தில் இலைகுப்பை அடைத்துக்கொண்டு தண்ணீர் தொட்டிபோல நிறைவதையும் இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை செலவழித்துத் தவிர்த்துவிடலாம்.

சில இடங்களில் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தண்ணீர் வருகிறது. டொரொண்டோவை அடுத்த மிசிசாகா நகரின் லிஸ்கர் பகுதியில் 2008 முதல் பல வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் ஊறத் தொடங்கியது. அங்கே அடித்தளத் தண்ணீருக்கென்றே தெருவில் தனியாக ஒரு மூன்றாவது குழாய் உண்டு. சாக்கடையோடு கலப்பே இல்லை. மாநகராட்சி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தபோது தெரிந்தது, மழைநீர்க் குழாய்களிலிருந்து கசிந்த தண்ணீர் குழாய்கள் புதைத்த பள்ளத்தின் ஜல்லிக்குள்ளேயே தேங்கி, அடித்தளக் குழாய்களுக்குள் எதிர்த்து ஏறுகிறது என்று. தீர்வாகத் தெருக்குழாய்களின் கசிவை அடைத்து, அந்தப் பள்ளத்துத் தண்ணீரை இறைக்க நகரமே ஒரு பம்ப் நிலையம் கட்டியது; வீடுகளுக்குச் சம்ப் பம்ப் வைக்க மானியமும் தந்தது. ஒரு குடியிருப்புக்கே சம்ப் தேவைப்பட்டிருக்கிறது. தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் அதிகம். தண்ணீர் வந்தால் நகராட்சியிடம் பதிவுசெய்யுங்கள், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். பத்து வீடுகளின் புகார் சேர்ந்தால்தான் தெருவின் நோய் தெரியவரும்.

மின்சாரம் போகும் நேரம்

சம்ப் பம்பின் பெரிய பலவீனம் அதன் இயந்திரத்தில் இல்லை. அது அதிகம் தேவைப்படும் நேரமும் மின்சாரம் போகும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் பலவீனம். 2013 ஜூலை 8 அன்று மாலை டொரொண்டோவின் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை பதிவானது; பெரும்பகுதி சில மணி நேரத்தில் கொட்டியது. டான் பள்ளத்தாக்கில் பயணிகளோடு ஒரு ரயில் வெள்ளத்தில் நின்றுபோன படம் அன்று எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அதே மாலை மின்மாற்று நிலையங்களுக்குள் தண்ணீர் புகுந்து ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் நின்றது. 2024 ஜூலை 16 அன்று பியர்சனில் ஏறக்குறைய 98 மில்லிமீட்டர். அன்றும் மேற்கு டொரொண்டோவின் மான்பி மின்மாற்று நிலையம் மூழ்கி, 1,60,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. 2013-இல் மூழ்கிய நிலையங்களில் அதுவும் ஒன்று. இரண்டு வெள்ளங்களிலும் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்ற இழப்பு தலா 90 கோடி டாலரைத் தாண்டியது. அந்த இருட்டில் எத்தனை நல்ல பம்புகள் குழிக்குள் அசையாமல் நின்றிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் கனக்கிறது.

ஆகவே பம்புக்குச் செலவழிக்கிற அளவுக்கு மாற்று ஏற்பாட்டுக்கும் செலவழிக்கவேண்டும் என்பேன். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் இரண்டாவது பம்பை அதே குழியில், முதலாவதைவிடச் சற்று உயரத்தில் வைக்கலாம். மின்சாரம் போனாலும் முதல் பம்ப் பழுதானாலும் அது எடுத்துக்கொள்ளும். கார் பேட்டரியை மாட்டிச் சிக்கனம் செய்ய நினைக்கவேண்டாம். கார் பேட்டரி ஒரு நொடி முழு வேகத்தில் கொடுத்துவிட்டு ஓய்வதற்கென்று செய்தது. மணிக்கணக்கில் மெதுவாக வடிவதைத் தாங்காது. நம் ஊர் இன்வெர்ட்டரில் போடுகிற வகைதான் இங்கேயும் வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்திலேயே இயங்கும் பம்பும் உண்டு. மின்சாரமே தேவையில்லை என்பது அதன் வலிமை. குடிநீரைச் செலவழித்துத்தான் குழி நீரை வெளியேற்றும் என்பது குறை. குடிநீர்க் குழாய்க்குள் குழித் தண்ணீர் திரும்பாதபடி தடுப்பு வைத்தே அதைப் பொருத்தவேண்டும், கிணற்று மோட்டாரை நம்பியிருக்கும் வீட்டில் அது பயன்படாது. எதுவும் முடியாதவர்கள் பத்து இருபது டாலருக்குக் கிடைக்கும் நீர் எச்சரிக்கை மணியையாவது குழி விளிம்பில் வைக்கலாம்.

குளிர்நாட்டுக்கே உரிய இன்னொரு ஆபத்து, வெளியே போகும் குழாய் உறைவது. ஒரு மார்ச் மாத இரவு, பகலில் உருகிய பனியின் தண்ணீர் குழிக்குள் வந்துகொண்டிருந்தது; வெளியே குழாய் முனையில் முந்தைய நாளின் மிச்சத் தண்ணீர் கட்டியாகி அடைத்திருந்தது. மோட்டார் ஓடுகிற ஓசை வழக்கத்தைவிடக் கனமாக, மூச்சுப் பிடித்துத் தள்ளுவதுபோலக் கேட்டது. எழுந்துபோய், வெளிச்சுவரில் குழாய் மூட்டைக் கழற்றிவிட்டதும் தண்ணீர் பீறிட்டது. அதன்பிறகு குழாய் முனை தண்ணீர் தங்காமல் சரிந்து இறங்கும்படி மாற்றினேன். குழாய் அடைத்தாலும் தண்ணீர் சுவரருகே வழிந்துபோக இடம்விடும் இணைப்புகள் கடைகளில் கிடைக்கின்றன. தண்ணீரை விடுகிற இடமும் முக்கியம். சுவரை ஒட்டி விட்டால் அதே தண்ணீர் மறுபடி குழிக்கே வரும். பக்கத்து வீட்டு வேலிக்குள் விட்டால் சண்டை வரும். நடைபாதையில் விட்டால் இரவில் வழுக்குப் பனியாகி யாராவது விழுவார்கள். சாக்கடையில் விடுவது விதிமீறல்.

பனி உருகத் தொடங்கும் முன் ஒருமுறை, கோடை இடிமழைக்கு முன் ஒருமுறை, ஒரு வாளித் தண்ணீரைக் குழியில் ஊற்றிப் பாருங்கள். மிதவை தடையின்றி ஏறுகிறதா, கம்பியிலோ குழிச்சுவரிலோ சிக்குகிறதா, வெளியே தண்ணீர் வந்து விழுகிறதா என்று பாருங்கள். பம்ப் ஓடவில்லையென்றால் கெட்டது பெரும்பாலும் மோட்டாராக இராது, மிதவைச் சுவிட்சாகத்தான் இருக்கும். பல பம்புகளில் மிதவையின் பிளக்கும் பம்பின் பிளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகியிருக்கும். பம்பின் பிளக்கைப் பிரித்து நேராகச் சுவரில் செருகினால் மிதவையில்லாமலே ஓடும். நள்ளிரவில் இது தெரிந்திருந்தால் விடியும்வரை தாக்குப்பிடிக்கலாம். சில குழிகளில் ஆரஞ்சு நிறத்தில் வழவழப்பான கூழ் படிந்திருக்கும். மண்ணிலுள்ள இரும்பைத் தின்று வாழும் பாக்டீரியாவின் வேலை அது. உடலுக்குக் கெடுதலில்லை என்றாலும் பம்பின் வாயையும் குழாய்த் துளைகளையும் அடைத்துவிடும், அடிக்கடி வழித்தெடுக்கவேண்டும். குழியின் மூடியைத் திருகி மூடிவையுங்கள். மண்ணிலிருந்து வரும் ரேடான் வாயு வீட்டுக்குள் நுழையும் வழிகளில் திறந்த சம்ப் குழியும் ஒன்று. புகைபிடிக்காதவர்களிடையே நுரையீரல் புற்றுக்கு முதன்மைக் காரணம் அந்த வாயு.

காப்பீட்டையும் இந்த மூன்று தண்ணீரின் கண்ணோடு வாசிக்கவேண்டும். சாக்கடை எதிர்த்து வருவதற்குத் தனிச் சேர்க்கை வாங்கவேண்டும். தரைமேல் ஓடிவரும் வெள்ளத்துக்குக் கனடாவில் வீட்டுக்காரர்களுக்குக் காப்பீடு கிடைக்கத் தொடங்கியதே 2015-இல்தான், 2013-இன் வெள்ளங்களுக்குப் பிறகு. மண்ணுக்குள்ளிருந்து மெல்ல ஊறிவரும் தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. "எனக்கு வாட்டர் கவரேஜ் இருக்கிறது" என்று சொல்கிறவரிடம், எந்தத் தண்ணீருக்கு என்று கேட்டுப்பாருங்கள். பலர் பத்திரத்தைத் திறந்தே பார்த்ததில்லை.

தண்ணீர் புகுந்தேவிட்டால் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. மின்பெட்டி பெரும்பாலும் நிலவறையில்தான் இருக்கிறது. தண்ணீர் மின்செருகிகளைத் தொடும் உயரத்தில் இருந்தால், எதை மீட்கவும் அதில் கால்வைக்கக்கூடாது; மின்வாரியத்தை அழைத்து வெளியிலிருந்து துண்டிக்கச்செய்த பிறகே இறங்கவேண்டும். மற்றொன்று, இடுப்பளவு தண்ணீர் நின்றால் பெரிய பம்பை வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சில் இறைத்துவிடக்கூடாது. வெளியே ஊறிப்போன மண் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிராகச் சுவரைத் தாங்குகிறது. கொஞ்சம் இறைத்து, மட்டத்தைச் சுவரில் கோடிட்டு, ஒரு இரவு பொறுத்து, மட்டம் மறுபடி ஏறவில்லை என்று கண்டபின் மேலும் இறைப்பதே முறை. அவசரத்தில் இறைத்துச் சுவர் உள்வாங்கிய வீடுகள் உண்டு.

நிலவறையை வாடகைக்கு விடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழியின் பக்கத்தில் படுப்பவர் நீங்கள் அல்ல, உங்கள் குடியிருப்பாளர். மோட்டாரின் ஓசை மாறினால் முதலில் கேட்பவர் அவர். வீட்டுச் சாவியைக் கொடுக்கிற அன்றே அவரைக் குழியருகே அழைத்துப்போய் மூடியைத் திறந்து காட்டுங்கள். ஒரு வாளி ஊற்றிப் பம்ப் ஓடுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். எந்த பிளக்கை எதில் செருகவேண்டும், மின்பெட்டியில் பம்புக்கான சுவிட்ச் எது, பேக்வாட்டர் வால்வின் மூடி தரையில் எங்கே இருக்கிறது, இரவு இரண்டு மணிக்கு யாரை அழைக்கலாம் என்பதை ஒரு தாளில் தமிழிலேயே எழுதி, குழிக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். என் வீட்டில் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. கீழே இப்போது இருக்கும் பையன் மதுரையிலிருந்து படிக்க வந்தவன். போன ஏப்ரலில் நான் ஊரில் இல்லாத ஒரு நாள், மிதவை சிக்கிக்கொண்டபோது, தாளைப் பார்த்து பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு எனக்குச் செய்தி அனுப்பினான்: "அண்ணே, சம்ப் காலி."